தேர்வில் தேறிய மென்பொருள்

மருத்துவமனை மென்பொருளுக்குச் சான்றிதழ் தர அமெரிக்கா வைத்த தேர்வில் 16 மருந்துக் குறியெண்கள் தேவைப்பட்டன. மருத்துவர் ஒரு மருந்தை எழுதியதும், அதற்கென நாடு முழுவதும் பொதுவாக உள்ள ஆர்எக்ஸ்நார்ம் குறியெண்ணை மென்பொருள் தானே தேடி எடுக்கிறதா என்று பார்ப்பதே சோதனையின் நோக்கம். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களிலும் பல அளவுகளிலும் விற்கும்போது, எழுதியவரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே மருந்தைத்தான் நினைக்கிறார்கள் என்பதற்கு அந்த எண்தான் பிடிமானம். ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ற நிறுவனம் முழுப் பட்டியலிலிருந்து தேடும் திறனை உருவாக்கவில்லை, தேர்வுக்கு வேண்டிய 16 எண்களை மட்டும் நிரலுக்குள் நேரடியாக எழுதிவைத்துத் தேறிவிட்டது என்று அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. 2017 மே மாதம் அந்த நிறுவனம் 15.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2019இல் கிரீன்வே ஹெல்த் நிறுவனமும் 2023இல் நெக்ஸ்ட்ஜென் நிறுவனமும் இதே வகைக் குற்றச்சாட்டுகளைக் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து முடித்தன. ஏமாற்று வேலை என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம். ஆனால் எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் நேர்மையாகத் தேறிய மென்பொருள்களின் கதை இதைவிட யோசிக்க வைப்பது. ஒரு மென்பொருள் தேர்வறையில் என்ன செய்யும் என்பதற்குச் சான்றிதழ் சாட்சி சொல்கிறது. அதே மென்பொருள் ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் வார்டில் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. நோயாளியின் உயிர் தொங்குவது இந்த இரண்டாவது கேள்வியில்.

சான்றிதழ் என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்பதில் தொடங்கலாம். மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்குப் பணம் போடுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் இன்னொருவர். கணினி வாங்குவதும், வேலைக்கு நடுவே அதைக் கற்றுக்கொள்வதும், தொடக்க மாதங்களில் நோயாளிகளைக் குறைத்துக்கொள்வதும் மருத்துவரின் தலையில் விழுகின்றன. ஒரே பரிசோதனை இரண்டு முறை எடுக்கப்படாததால் மிச்சமாகும் பணமோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ அரசுக்கோ போகிறது. சந்தையின் போக்கில் விட்டிருந்தால் தனி மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டிலேயே காலம் தள்ளியிருப்பார்கள், தள்ளவும் செய்தார்கள். அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு 10 ஆண்டுகளில் மின்னணுப் பதிவேடு என்ற இலக்கை அதிபர் புஷ் 2004இல் அறிவித்து, அதற்கென ஒரு தேசிய ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்தையும் அமைத்தார். ஆனாலும் 2008இல் அடிப்படை வசதிகள் கொண்ட பதிவேடாவது இருந்த மருத்துவமனைகள் 9.4 விழுக்காடுதான். 2009 பிப்ரவரியில், பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஹைடெக் சட்டம் வந்தபோதுதான் பணப்பை அவிழ்ந்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் ஒரு மருத்துவருக்கு ஐந்தாண்டுகளில் 44,000 டாலர் வரை ஊக்கத்தொகை. மருத்துவமனைகளுக்கு அதற்கும் பல மடங்கு. மாறாதவர்களுக்கு 2015 முதல் பிடித்தம். அரசு பணம் தருகிறதென்றால் எதற்குத் தருகிறது என்று ஒரு வரையறை வேண்டும். எக்செல் பக்கத்தில் நாலு பெயரைத் தட்டிவைத்துவிட்டு இதுதான் பதிவேடு என்று யாரும் கேட்டு வந்துவிடக் கூடாது. சான்றிதழ் பெற்ற மென்பொருளை, ‘பொருள்பட’ப் பயன்படுத்த வேண்டும் என்று இரட்டை நிபந்தனை வைத்தார்கள்.

அந்த நிபந்தனை வேலை செய்தது. 2015க்குள் அடிப்படைப் பதிவேடு வைத்திருந்த மருத்துவமனைகள் 83.8 விழுக்காடு. ஏழே ஆண்டுகளில் இத்தனை வேகமாக ஒரு நாட்டின் மருத்துவமனைகள் காகிதத்தை விட்டு வெளியேறியதற்குச் சான்றிதழைக் குறைசொல்கிறவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். நானும் மறுக்கவில்லை: வாங்க வைப்பதற்குச் சான்றிதழ் நல்ல கருவி. தயங்கி நிற்கும் சிறிய கிளினிக்குக்கு, சந்தையில் உள்ள நூற்றுக்கணக்கான பொருள்களில் எதை நம்பி வாங்கலாம் என்ற குறைந்தபட்ச உறுதி அதில் கிடைத்தது. சிக்கல் தொடங்கியது, வாங்குவதற்கான தகுதிச் சீட்டைப் பாதுகாப்புக்கான உத்தரவாதமாக எல்லோரும் படித்தபோது. தேர்வு நடக்கும் விதத்தைப் பார்த்தாலே இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். மென்பொருளை விற்கும் நிறுவனத்தின் ஆள், தன் நிறுவனத்தின் கணினியில், முன்பே வெளியிடப்பட்ட படிகளின்படி ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார். சோதனைக்கூடத்தார் பெரும்பாலும் இணையம் வழியே திரையைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். கட்டணம் தருவதும் அதே நிறுவனம்தான். ஒவ்வாமையைப் பதிய முடிகிறதா, மருந்துகள் ஒன்றோடொன்று மோதினால் எச்சரிக்கை வருகிறதா என்று ஒவ்வொரு வசதியும் இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த முறையில் விடை கிடைத்துவிடும். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் அதை எப்படிப் பயன்படுத்துவார் என்பதற்கு இதில் விடை தேட வழியே இல்லை.

வார்டில் என்ன நடக்கலாம் என்பதற்கு, சான்றிதழ் காலத்துக்கு முந்தைய ஓர் உதாரணம் உண்டு. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில், மருத்துவர் கணினியில் நேரடியாக மருந்து எழுதும் முறைக்கு மாறியது. வேறு ஊர்களிலிருந்து தீவிர சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் மாற்றத்துக்கு முன் 2.80 விழுக்காடு, பின் 6.57 விழுக்காடு என்று 2005இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. எப்படி? பழைய முறையில் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே உடன்வரும் குழு நிலவரம் சொல்லும். வாசலுக்கு வருமுன் மருந்து எழுதப்பட்டுத் தயாராக இருக்கும். புதிய முறையில் குழந்தை வந்துசேர்ந்து, பெயர் பதிவான பிறகுதான் கணினி மருந்து எழுதவே விட்டது. முன்பு சில நொடிகளில் எழுதி முடித்ததைத் திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்க ஓரிரு நிமிடம் ஆனது. கைக்கெட்டும் தூரத்தில் வார்டிலேயே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. நர்ஸும் மருத்துவரும் குழந்தையின் பக்கத்திலிருந்து விலகித் திரைக்கு முன் நின்றார்கள். இந்தப் பட்டியலில் மென்பொருள் ‘பழுதானது’ என்று ஒரு வரி கூடக் கிடையாது. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

இந்த ஆய்வின் மீது எழுந்த விமர்சனங்களில் நியாயம் உண்டு. மாற்றத்துக்குப் பின் ஐந்து மாதங்களை மட்டுமே அது பார்த்தது. எந்தப் புதிய முறையிலும் முதல் மாதங்கள் தடுமாற்றமானவை. ஆனால் அடுத்து வந்த ஆய்வுகள் என் வாதத்துக்கே வலு சேர்க்கின்றன. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே நிறுவனத்தின் மென்பொருளைப் போட்டது. 2006இல் வெளிவந்த ஆய்வில் இறப்பு கூடவில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லூசில் பேக்கார்ட் குழந்தைகள் மருத்துவமனையில் இதே வகை மாற்றத்துக்குப் பின் இறப்பு விகிதம் 20 விழுக்காடு குறைந்தது என்று 2010 ஆய்வு காட்டியது. சியாட்டிலில் அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே திரையில் அமைத்து வைத்திருந்தார்கள். பிட்ஸ்பர்க்கில் நடந்ததையும் அறிந்திருந்தார்கள். ஒரு சான்றிதழ் அலுவலர் இந்த ஊர்களின் மென்பொருளைச் சோதித்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண்தான் போட்டிருப்பார்.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு வரும்: மென்பொருள் சரி, ஆட்கள்தான் சரியில்லை, பயிற்சி கொடுங்கள். இந்த மறுப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை, சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013இல் நடந்ததை வைத்து எடைபோடலாம். அங்கே பணியாற்றும் மருத்துவர் ராபர்ட் வாக்டர் 2015இல் வெளியிட்ட ‘தி டிஜிட்டல் டாக்டர்’ நூலில் இதைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். 16 வயதுச் சிறுவன், எடை 38.6 கிலோ. செப்ட்ரா என்ற நுண்ணுயிர்க்கொல்லியில் வேளைக்கு ஒரு மாத்திரை, அதாவது 160 மி.கி., அவன் வழக்கமாகச் சாப்பிட்டு வந்தது. 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடைக்கணக்கில்தான் மருந்து எழுத வேண்டும் என்று மருத்துவமனை விதி. மருத்துவர் கிலோவுக்கு 5 மி.கி. என்று எழுத, கணினி 193 மி.கி. என்றது. அந்த அளவில் மாத்திரை கிடையாது. மாத்திரை அளவுக்கும் கணக்கிட்ட அளவுக்கும் 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருந்தாளுநர் தானே திருத்தக் கூடாது என்பது இன்னொரு விதி. எனவே அவர் 160 மி.கி. என்று மாற்றி எழுதச் சொல்லி மருத்துவருக்குத் திருப்பி அனுப்பினார். மருத்துவர் திரையைத் திறந்து 160 என்று தட்டினார். ஆனால் அந்தக் கட்டத்தின் அலகு முன்பிருந்தபடியே ‘கிலோவுக்கு மி.கி.’ என்று நின்றிருந்தது. 160ஐ 38.6ஆல் பெருக்கிக் கணினி தயாரித்த உத்தரவு: முப்பத்தெட்டரை மாத்திரை.

அளவு மீறிவிட்டது என்று எச்சரிக்கை வரத்தான் செய்தது, மருத்துவருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் நாள் முழுக்க இதே போன்ற எச்சரிக்கைகளைப் பார்த்துப் பழகிய இருவரும் தள்ளிவிட்டுப் போனார்கள். முப்பத்தெட்டரை மடங்கு அளவுக்கு வந்த எச்சரிக்கையும், சிறு மீறலுக்கு வரும் எச்சரிக்கையும் திரையில் ஒன்றுபோலவே இருந்தன. மருந்தகத்தின் ரோபோ சோர்வில்லாமல் மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டியது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது. பார்கோடை ஸ்கேன் செய்தார். உத்தரவும் பொட்டலமும் ஒத்துப்போவதாகக் கணினி சொன்னது. உண்மையும் அதுதானே. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் வலிப்பு வந்து, பிறகு பிழைத்துக்கொண்டான். இதில் யாருக்குப் பயிற்சி போதவில்லை? எச்சரிக்கை, எடைக்கணக்கு, பார்கோடு என்று சான்றிதழ்காரர்கள் விரும்பும் வசதிகள் எல்லாமே இருந்தன, எல்லாமே வேலை செய்தன. எத்தனை கிலோவுக்குக் கீழே எடைக்கணக்கு, எத்தனை விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்புவது, எந்த அலகு முன்னிருப்பாக நிற்பது என்று அந்த மருத்துவமனை தனக்கென எடுத்த முடிவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இடத்தில் விபத்து விளைந்தது. அந்தப் பின்னல் வேறெந்த மருத்துவமனையிலும் அப்படியே இருக்காது. சோதனைக்கூடத்தில் இருக்கவே முடியாது.

உள்ளூர் அமைப்பு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை 2018இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நான்கு மருத்துவமனைகள், இரண்டே மென்பொருள்கள், ஒரே மாதிரியான வேலைகள். பிரெட்னிசோன் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து எழுதச் சொன்னபோது பிழை விகிதம் ஓரிடத்தில் 16.7 விழுக்காடு, இன்னோரிடத்தில் 50. பயன்படுத்த எளிதா என்று பார்க்கும் விதி சான்றிதழில் இல்லாமலும் இல்லை. மென்பொருளை வடிவமைக்கும்போது பயனாளர்களை வைத்துச் சோதிக்க வேண்டும், அதை அறிக்கையாகத் தர வேண்டும் என்று 2014 பதிப்பு விதிகளிலேயே சேர்த்தார்கள். பதினைந்து பேராவது வேண்டும் என்பது துறையில் ஏற்கப்பட்ட அளவு. 2015இல் ‘ஜாமா’ இதழில் வந்த ஆய்வு 41 நிறுவனங்களின் அறிக்கைகளை எடுத்துப் படித்தது. 63 விழுக்காடு நிறுவனங்கள் பதினைந்துக்கும் குறைவானவர்களை வைத்துச் சோதித்திருந்தன. மருத்துவப் பின்னணி உள்ள பதினைந்து பேரையாவது வைத்துச் சோதித்தவை ஒன்பது நிறுவனங்கள்தான். எந்த வடிவமைப்பு முறையைப் பின்பற்றினோம் என்று சொல்ல வேண்டும் என்ற அடிப்படை விதியையே 14 நிறுவனங்கள் நிறைவேற்றவில்லை. சான்றிதழ் மட்டும் அனைவருக்கும் கிடைத்திருந்தது.

எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, யாருடைய எச்சரிக்கை என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. பிராக்டிஸ் ஃப்யூஷன் நிறுவனம், ஓபியாய்டு வகை வலிமருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடம் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, அந்த மருந்துகளை எழுதத் தூண்டும் குறிப்பு மருத்துவரின் திரையில் தோன்றும்படி செய்தது. 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கட்ட அது ஒப்புக்கொண்டது. மருத்துவருக்கு முடிவெடுக்க உதவும் குறிப்புகள் திரையில் வர வேண்டும் என்பது சான்றிதழின் தேவைகளில் ஒன்று. லஞ்சம் வாங்கிக்கொண்டு காட்டிய குறிப்பும் அந்தத் தேவையை நிறைவு செய்யும்.

அரசே வாங்கி, அரசே நடத்தும் இடத்தில்கூட நிலைமை மேம்படவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, தன் மருத்துவர்களும் நிரலாளர்களும் 1970களின் இறுதியிலிருந்து சேர்ந்து வளர்த்த விஸ்டா என்ற பதிவேட்டைக் கைவிட முடிவெடுத்து, 2018இல் செர்னர் நிறுவனத்தோடு ஆயிரம் கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம் செய்தது. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலம் ஸ்போக்கேன் நகரில் முதல் மருத்துவமனை மாறியது. கணினி தெளிவாக அடையாளம் காண முடியாத இடத்துக்கு மருத்துவர் எழுதிய பரிசோதனையும் பரிந்துரையும் ‘அறியப்படாத வரிசை’ என்ற ஒரு பெட்டிக்குள் போய் விழுந்தன. எழுதியவருக்கு, அனுப்பியாயிற்று என்றே தோன்றும். பெறவேண்டியவருக்கு வந்திருக்காது. அப்படி ஒரு பெட்டி இருப்பதே அங்கு வேலை செய்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 11,000க்கும் மேற்பட்ட உத்தரவுகள் அதில் தேங்கியதையும், 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததையும் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் துறை விரிவாக்கத்தையே நிறுத்திவைத்தது. சான்றிதழ் பெற்ற, ராணுவ மருத்துவமனைகளிலும் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் அது.

அப்படியானால் என்ன செய்வது? நம் ஊர் லாரிக்கும் பேருந்துக்கும் உள்ள ஏற்பாடு எனக்கு இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு மாடலைச் சந்தைக்கு விடுமுன் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனம் சோதித்துச் சான்று தரும். அதோடு விடுவதில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனைக்கு நின்று எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அமெரிக்க மின்னணுப் பதிவேட்டில் மாடலுக்குச் சான்று உண்டு, வண்டிக்கு எஃப்.சி. கிடையாது. அப்படி ஒரு சோதனையை எப்படி நடத்துவது என்பதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. லீப்ஃபிராக் என்ற அமைப்பு, மருத்துவமனைகளுக்குக் கற்பனை நோயாளிகளின் விவரமும், வேண்டுமென்றே தவறாக அமைத்த மருந்து உத்தரவுகளும் தருகிறது. அங்குள்ள மருத்துவர் தன் மருத்துவமனையின் கணினியிலேயே அவற்றை எழுதிப் பார்த்து, எதற்கு எச்சரிக்கை வந்தது, எது சத்தமில்லாமல் போய்விட்டது என்று குறித்து அனுப்புகிறார். 2,314 மருத்துவமனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஆய்வின்படி, 2009இல் சராசரி மதிப்பெண் 53.9 விழுக்காடு, 2018இல் 65.6. பத்தாண்டு முயற்சிக்குப் பின்னும், சான்றிதழ் பெற்ற மென்பொருளை வைத்துக்கொண்டு, ஆபத்தான உத்தரவுகளில் மூன்றில் ஒரு பங்கு தப்பிப் போனது. எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பதால் மட்டும் மருத்துவமனைகளுக்கு இடையிலான வேறுபாடு விளங்குவதில்லை என்பதையும் இந்தச் சோதனையே காட்டிக்கொடுத்தது.

செலவாகுமே, சிறு மருத்துவமனைகள் தாங்குமா என்பது அடுத்த மறுப்பு. லீப்ஃபிராக் சோதனை சில மணி நேர வேலை. பல ஆண்டுகளாக, கட்டாயம் இல்லாமலே ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் செய்து பார்த்தது. ஊக்கத்தொகையாக மட்டும் 3,500 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட அரசுக்கு இது பெரிய தொகையாக இருக்காது. மென்பொருள் நிறுவனங்கள் எழுப்பும் மறுப்பு இன்னும் கனமானது: விதிகள் கூடக் கூடச் சிறிய நிறுவனங்கள் ஒழிந்து, இரண்டு மூன்று பெரிய நிறுவனங்களே மிஞ்சும். உண்மை. ஆனால் அந்தச் சுமையை ஏற்றியது தேர்வறைச் சான்றிதழ்தான். 2011, 2014, 2015 என்று அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய வசதிகளைச் சேர்த்துச் சேர்த்தே நிரலாளர்களின் காலம் கழிந்தது. அந்தப் பட்டியலைச் சுருக்கி, களச் சோதனையைக் கூட்டுவது சிறிய நிறுவனத்துக்குச் சாதகம். நன்றாக ஓடும் எளிய மென்பொருள் அங்கே ஜெயிக்கும். வசதிகளின் பட்டியல் வளர்ந்ததற்கு மருத்துவர்கள் கொடுத்த விலையும் உண்டு. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பாதியளவு புரிந்துகொண்டது. 2016 டிசம்பரில் நிறைவேறிய 21ஆம் நூற்றாண்டு நலமளிப்புச் சட்டம், சான்றிதழ் பெற்ற மென்பொருளை நடைமுறைச் சூழலிலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்றது. குறைகளைப் பற்றி மருத்துவமனைகள் வெளியே பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டுப் போடும் வழக்கத்தையும் தடைசெய்தது. திரையின் படத்தைக் கூடச் சக மருத்துவரிடம் காட்டத் தயங்கியவர்களுக்கு இந்த இரண்டாவது விதி பெரிய விடுதலை. என் கணக்கில் அந்தச் சட்டத்தின் மிகப் பயனுள்ள வரி அதுதான். ஆனால் நடைமுறைச் சோதனைத் திட்டத்தைத் தீட்டுகிறவரும் அறிக்கை தருகிறவரும் மென்பொருளை விற்கும் அதே நிறுவனம்தான். அதுவும் பெரும்பாலும் தரவுப் பரிமாற்றம் நடக்கிறதா என்பதைப் பற்றியது. வார்டில் மருந்து எழுதுவதை அது அவ்வளவாகத் தொடவில்லை. விமான விபத்துகளை விசாரிக்கும் வாரியம் போல ஒரு சுதந்திர அமைப்பு மருத்துவ மென்பொருளுக்கும் வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பு 2011லேயே பரிந்துரைத்தது. அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

இந்தியா இந்தப் பாதையில் பின்னால் வருவது ஒரு வகையில் அனுகூலம். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் சேர விரும்பும் மென்பொருள் மூன்று படிகளைத் தாண்ட வேண்டும்: நோயாளிக்கு 14 இலக்க ஆபா எண்ணை உருவாக்குவது அல்லது சரிபார்ப்பது, பதிவை அந்த எண்ணோடு இணைத்துப் பகிர்வது, ஒப்புதலோடு பிறர் பதிவைப் பெறுவது. மூன்றுமே தேவையானவை, மூன்றுமே சோதனைச் சூழலில் செய்து காட்டப்படுபவை, மூன்றுமே பதிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறதா என்பதைப் பற்றியவை. மருத்துவமனைகளின் டிஜிட்டல் தரத்தை அளக்க, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு 2023இல் தனி வரையறைகள் வெளியிட்டது, பொருளை விட்டு இடத்தைப் பார்க்கத் தொடங்கிய நல்ல அடி. மென்பொருள் வாங்கப்போகும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விற்பனையாளர் சான்றிதழைக் காட்டும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் வார்டில், உங்கள் நர்ஸையும் உங்கள் பயிற்சி மருத்துவரையும் உட்காரவைத்து, 38 கிலோ எடையுள்ள ஒரு கற்பனைச் சிறுவனுக்கு முப்பத்தெட்டரை மாத்திரை எழுதிப் பாருங்கள். கணினி தடுக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகும் அதையே திரும்பச் செய்யுங்கள்.